படம் போடுறோம், எல்லாரும் வெளிய வாங்க

ஏனுங்க,

இன்று காலையும் உங்கள் ஸ்டூல் என் காலில் விழுந்தது. ஜீப்பின் பின்கதவைத் திறந்து கேமரா ரீலை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அது சரிந்து வந்து கட்டைவிரல் மேல் இறங்கிவிட்டது. பச்சைப் பெயிண்ட் உரிந்த அதே மர ஸ்டூல். ஒரு கால் மற்ற மூன்றையும்விடக் குட்டை. அந்தக் காலுக்கு நீங்கள் ஆணியடித்து வைத்த டயர்த்துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு மடக்கு மேசை ஒன்று வாங்கலாம் என்று நான் கேட்காத நாள் உண்டா? "கெடக்கட்டும் மாப்ள, அது பாட்டுக்குக் கெடக்கு" என்பீர்கள். இப்போது நீங்கள் இல்லை, அது பாட்டுக்குக் கிடக்கிறது. கிளம்ப வேண்டிய வேலையை விட்டுவிட்டு, வீங்கிய விரலோடு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாயே வரவில்லை. உங்களைத் திட்டாமல் நாம் ஒரு வேலையையும் முடித்ததில்லை. இதை மட்டும் திட்டாமல் எப்படி முடிப்பது? அதனால் எழுந்து நின்று, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். துக்கமும் இருந்தது, ஆனால் வாயை அடைத்தது கோபம்தான்.

இந்த மடலிலும் உங்களை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட வருகிறது. நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. நீங்கள் முதல் நாளே என்னை "மாப்ள" ஆக்கிவிட்டீர்கள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரனான எனக்கு அந்த "ங்க" மட்டும் கடைசிவரை நாக்கைவிட்டுப் போகவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வாசலில் நின்று நான் "ஏனுங்க, கேபிளை இழுங்க" என்று கத்தினால், புருஷனைக் கூப்பிடுகிறமாதிரி இருக்கிறது என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீங்களும் சும்மா இருக்கமாட்டீர்கள். "இந்தா வந்துட்டேன்மா" என்று குரலை இழுத்து அவர்களை இன்னும் சிரிக்க வைப்பீர்கள்.

நாம் சந்தித்ததே சண்டையில்தான். எங்கள் பக்கத்தில் போர்க்கிணறு போடாத தோட்டம் கிடையாது. மோட்டார் குழிக்குள் சிக்கிக்கொண்டாலும், ஊற்று எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டுமானாலும், கேமராவை இறக்கித்தான் பார்ப்பார்கள். தென்னந்தோப்பை அண்ணன் பார்த்துக்கொள்ள, நான் அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊருக்குக் கீழே புதிதாக விடுதி கட்டுகிறவர் ஒருவர், மோட்டார் மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார். அங்கே நீங்கள் பிளம்பர். என் ஸ்கிரீனில் கிணற்றின் சுவர் ஈரமாக மின்னிக்கொண்டு மேலேறுவதை எட்டிப் பார்த்தீர்கள். பார்த்ததோடு விட்டீர்களா? "ஏ, எல்லாரும் வாங்க, பாதாளத்தப் பாருங்க!" என்று ஒரு சத்தம். கொத்தனார், சமையல்காரர், கல் சுமந்துகொண்டிருந்த பெண்கள் என்று மொத்தக் கூட்டமும் என் முதுகில் ஏறி நின்றது.

"ஏனுங்க, இதென்ன சினிமாக் கொட்டாய்ங்களா? வேலை நடக்க வேண்டாமுங்களா?" என்றேன்.

"படம் ஓடுதுல்லா? அப்ப கொட்டாய்தான்" என்றீர்கள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நீங்களாகவே வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "ஒங்க கேமரா நட்டுக்குத்தா கீழ போவுது. எங்க மலையில பைப்பெல்லாம் படுத்துல்லா கெடக்கு. படுத்துப் போற கேமரா ஒண்ணு வாங்குவோமா?" என்று கேட்டீர்கள். மன்னிப்பு இல்லை, கூட்டுத் தொழில்!

ஆனால் நீங்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மலையில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்ததும், போன வருஷம் புதைத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். தெரியாமல் மண்ணைத் தோண்டினால் அடுத்த மழைக்குச் சரிவு மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிடும். உள்ளே பார்த்துவிட்டுத் தோண்டுவதுதான் வழி. கோயம்புத்தூரில் ஒருவர் பழைய மிஷின் ஒன்று விற்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். ரீலில் சுற்றிய மஞ்சள் கேபிள், வளையும், ஆனால் மடங்காது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக விளக்குகள். பெட்டிக்குள் ஒரு ஸ்கிரீன். பேரம் பேசும்போதே நீங்கள் அதை அந்தக் கடையின் சாக்கடைக்குள் விட்டு, கடைப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிலிருந்து உங்கள் முறை மாறவே இல்லை. ஜீப்பிலிருந்து முதலில் இறங்குவது ஸ்டூல். அதை வாசலின் நடுவில் போடுவீர்கள். அதன்மேல் ஸ்கிரீன். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்து, "படம் போடுறோம், எல்லாரும் வெளிய வாங்க!" அடுப்பில் இருப்பவர், குளித்துக்கொண்டிருப்பவர், யாராக இருந்தாலும் வராமல் விடமாட்டீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "உள்ள ஆரும் இல்லல்லா?" என்று பார்த்துவிட்டுத்தான் கேபிளைத் தள்ளுவீர்கள்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. பிள்ளைகள் ஸ்கிரீனில் விரலை வைத்து ஈஷுவார்கள். ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்வார்கள். குழாய்க்குள் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் உரிமை கொண்டாடுவார்கள். "அய்யோ, எங்க கரண்டி!" என்று ஒருத்தி. "அந்தச் சீப்பத்தான் நான் எடுத்தேன்னு சொன்னே?" என்று இன்னொருத்தி. ஒரு முறை கங்காணி வீட்டுப் பல்செட் மண்ணுக்குள்ளிருந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. அந்த மனிதர் கூட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாக நழுவியதை நீங்கள் விட்டீர்களா? பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

"கூப்பிட்டவர் ஒருத்தருங்க. ஊரே பார்த்தா எப்படிங்க? நாளைக்கு நம்மளை யாருங்க கூப்பிடுவாங்க?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன். நான் சொன்னதும் நியாயம்தான், இப்போதும் சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கழிவை நடு வாசலில் வைத்துக் காட்டுவது என்ன தொழில்?

"பைப்பு ஆருக்குள்ளது மாப்ள? ஊத்துறவங்களுக்குள்ளது" என்றீர்கள்.

இன்னொரு நாள் நான் விடவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள், எதற்கு இந்தக் கூட்டம் என்று கேட்டேன். மூணாறு இறக்கத்தில் மூடுபனிக்குள் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். வைப்பரை ஒரு முறை ஓடவிட்டு, "தனியாப் பாத்தா பயமா இருக்கும்லா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். வழக்கமான கிண்டல் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் அந்த நெஞ்செரிச்சல் வந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஜீரண மாத்திரை அட்டை. மிட்டாய் போல ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு கேபிளைத் தள்ளுவீர்கள். மூணாறில் டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை ஒரு நல்ல நகைச்சுவையாக என்னிடம் வந்து சொன்னீர்கள்.

"நம்ம கேமரா எந்தெந்தச் சாக்கடையில போச்சுன்னு நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கேமரா எங்கெங்க போயிட்டு வந்துச்சோ, ஆருக்குத் தெரியும்? அத என் வாயில விடுவாகளாம்!"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன். மழை முடியட்டும் என்றீர்கள். மழை முடிந்தது. கிறிஸ்மஸ் முடியட்டும் என்றீர்கள். அதுவும் முடிந்தது. சீசன் வேலை முடியட்டும் என்றீர்கள். "ஏனுங்க, ஊரார் குழாய்க்குள்ளெல்லாம் எட்டிப் பார்க்கறீங்க, உங்க குழாயைப் பார்க்க விடமாட்டீங்களா?" என்று சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் கத்தியதில் பாலக்காட்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, பைப்பு கேசு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டீர்கள். அந்த டீயை நீங்கள் பாதியிலேயே வைத்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் உங்கள் மனைவியிடம், அந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சோறு இறங்காமல் வெறும் கஞ்சியாகக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்து எனக்கு போன் செய்தார். இந்த ஜீப்பில்தான் உங்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனேன். பின்னால் ஸ்டூல் உருண்டுகொண்டே வந்தது. உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. படம் போடுகிறோம் வாருங்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

டாக்டர் வெளியே வந்து, "அடைப்பு இருக்கு" என்றார். நம் தொழிலில் அந்த வார்த்தையைக் கேட்டால் வேலை பாதி முடிந்தமாதிரி. இடம் தெரிந்துவிட்டது, எடுத்துவிடலாம் என்று அர்த்தம். டாக்டர் முகத்தில் அந்த அர்த்தம் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

உள்ளே என்ன தெரிந்தது என்று உங்களிடம் கேட்டேன். "எனக்கு எங்க தெரியும்? கண்ண இறுக்க மூடிக்கிட்டேன்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் பார்த்து நீங்கள் சிரிக்காமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான். இதற்குத்தான் கோபம். புரிகிறதா உங்களுக்கு? தனியாகப் பார்க்கப் பயம் என்று எல்லாரையும் கூப்பிட்டவர், உங்கள் முறை வந்தபோது ஏன் ஒரு ஆளைக்கூடக் கூப்பிடவில்லை? நான் இரண்டு அடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தேன்?

சரி, போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இதையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

மூணாறிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு லயம். பேர் வேண்டாம், இடம் உங்களுக்குத் தெரியும். ஒரே வரிசையாக ஒட்டிய வீடுகள், ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி. மேலே இருந்து ஊற்றுத் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீர் நாற ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கிடத்தியிருந்தார்கள். லயத்துக்கு நேர் மேலே, சரிவில் புதிதாக ஒரு தங்கும் விடுதி வந்திருக்கிறது. லயத்துக் கழிவுநீரைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும் பழைய குழாய் ஒன்று அந்தத் தொட்டியை ஒட்டித்தான் போகிறது. விடுதிக் கழிவைத் திருட்டுத்தனமாக அதில் விடுகிறார்கள், அது உடைந்து தொட்டியில் கலக்கிறது என்று லயத்துக்காரர்கள் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார்கள். அப்படி இல்லை என்று காட்டுங்கள் என்று பஞ்சாயத்து விடுதியைக் கேட்டிருக்கிறது. அதற்குத்தான் விடுதி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எங்க கனெக்ஷன் அதில் இல்ல சாரே. அவங்க பாத்திரம் கழுவுன வெள்ளம்தான் அவங்க தொட்டியில் போகுது. ஒரு படம் எடுத்துத் தந்தா மதி, அது போதும்" என்றார். கூடவே ஒன்று சொன்னார். ஆள்கூட்டம் வேண்டாம். ஸ்கிரீன் ஜீப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

இத்தனை வருஷம் நான் கேட்டதும் அதுதானே? சத்தமில்லை, கூட்டமில்லை, ஸ்கிரீனில் ஈஷும் விரல் இல்லை. பின்கதவைச் சாத்திக்கொண்டு, கீழே இருந்த மூடியைத் திறந்து கேபிளை மேல்நோக்கித் தள்ளினேன். பத்தடி போகவில்லை, ஸ்கிரீன் முழுவதும் பழுப்பு. யாரோ ஒரு வீட்டில் பக்கெட்டைக் கவிழ்த்திருக்கிறார்கள். வெளியே இழுத்தேன், துடைத்தேன், மறுபடி தள்ளினேன். இப்போது சோப்பு நுரை. எந்த வீட்டுத் தண்ணீர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் போய் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன், கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று. எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். திரும்பி வந்து தள்ளினேன். இந்த முறை ஸ்கிரீன் வெள்ளையாகி, கேமராவுக்கு ஆவி பிடித்துவிட்டது. கஞ்சி!

கோடி வீட்டுப் பாக்கியத்திடம் போய்க் கேட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்தான், கொழுந்துக் கூடையோடு வந்து முன்வரிசையில் நின்று படம் பார்ப்பாரே, அவர்.

"சோறு வெந்துட்டே சார். வடிக்காம என்ன செய்ய? கொழையவா விட முடியும்?" என்றார். ஆஸ்பத்திரியில் கிடப்பது அவர் பேத்தி. அவரை நான் என்ன சொல்ல?

மதியம் வரை இப்படியே போயிற்று. மேனேஜர் இரண்டு முறை வந்து, ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, உடைப்பு எதுவும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. மேனேஜர்மேல், கஞ்சிமேல், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள்மேல். உங்களோடு போன எந்த இடத்திலும் இப்படி ஆனதே இல்லையே, அந்த மிஷின்தானே இது, அந்தக் குழாய்கள்தானே இவை என்று நினைத்துக்கொண்டு கேபிளை ஜீப்புக்குள் எறிந்தேன். அது ஸ்டூலில் போய் இடித்தது.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. வாசலில் நின்று படம் பார்ப்பவள் எப்படி உள்ளே கஞ்சி வடிப்பாள்? கதவைத் தட்டி "உள்ள ஆரும் இல்லல்லா?" என்று நீங்கள் கேட்டது அதற்குத்தானா? இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் உங்கள் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? எத்தனை வருஷம் ஒரே ஜீப்பில் சண்டை போட்டோம்!

ஸ்டூலை இறக்கி வாசலில் போட்டேன். அதன்மேல் ஸ்கிரீனை வைத்தேன். கையைக் குவித்துக்கொண்டு, "படம் போடறமுங்க, எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். உங்கள் குரல் எனக்கு எங்கே வரும்? கீச்சென்றுதான் வந்தது. ஆனால் கதவுகள் திறந்தன. "ஏ, ங்கக்காரரு படம் போடுதாராம்" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். பாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நானும் கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மேனேஜர் மேலிருந்து ஓடிவந்தார். "எந்தா இது? கூட்டம் வேண்டான்னு சொன்னதல்லே?"

"தண்ணி நிக்கோணும் சார். வேற வழி இல்லீங்க" என்றேன். பொய்யில்லை.

கேபிளைத் தள்ளினேன். இந்த முறை கண்ணாடி போலத் தெரிந்தது. குழாயின் அடியில் கொஞ்சம் ஈரம், ஒவ்வொரு இணைப்பாகப் பின்னுக்குப் போயிற்று. ஓரிடத்தில் வேர்கள் தாடி போலத் தொங்கின. அவற்றைத் தாண்டியதும், தொட்டிக்கு நேராக, குழாயின் பக்கச் சுவரே இல்லை. ஒரு சில்லு பெயர்ந்து மண் தெரிந்தது. அதுவரை மேனேஜர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். உடைப்பு இருக்கிறது, ஆனால் போவது இவர்கள் கழுவிய தண்ணீர்தான் என்று அவர் சொல்லிவிடலாம். சொல்லவும் வாயைத் திறந்தார்.

அப்போது ஸ்கிரீனில் தண்ணீர் வந்தது. மேலிருந்து, நுரையோடு, நிதானமாக வந்துகொண்டே இருந்தது. வந்து அந்த உடைப்புக்குள் இறங்கியது.

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "நாம எல்லாரும் இங்கதான நிக்கோம்? அப்ப இத ஆரு ஊத்துதா?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பது போல. யாரும் இல்லை. மொத்த லயமும் ஸ்டூலைச் சுற்றி நின்றது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மேல்பக்கத்தில் புத்தம் புதிய வெள்ளைப் பைப்பு ஒன்று பழைய குழாய்க்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஏதோ மிதந்து வந்து கேமராவின் மேலேயே ஒட்டிக்கொண்டது. சின்னத் துணிப் பை, அதிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் ஒரு காகிதத் துண்டு. டீ பேக்.

அந்த லயத்தில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு பொருள் கிடையாது. தூளைக் கொதிக்கவிட்டு வடித்துக் குடிப்பவர்கள் அவர்கள். பாக்கியம் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"நாம பறிச்ச எலதான். நூலு கட்டித் திருப்பி அனுப்பிருக்காக" என்றார்.

சிரிப்பு வரவில்லை யாருக்கும். மேனேஜர் என் காதருகில் வந்து, அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடச் சொன்னார். நான் சுற்றிலும் பார்த்தேன். ஸ்டூலைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் கையில் போன். எல்லாம் ஸ்கிரீனைப் பார்த்துப் பிடித்தபடி இருந்தன. "நான் எதைன்னுங்க சார் அழிக்கறது?" என்று கேட்டேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து படத்தைப் பார்த்தார்கள். வெள்ளைப் பைப்பை அடைத்தாயிற்று. குழாய் போகும் நிலம் யாருடையது, உடைப்பை யார் சரிசெய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்குப் பஞ்சாயத்து ஜீப்பில் குடிதண்ணீர் வருகிறது. பாக்கியத்தின் பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மேனேஜர் மற்ற விடுதிகளுக்கெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். எனக்கு வரவேண்டிய வேலைகள் வரவில்லை, போன் சும்மா கிடந்தது. நாளைக்கு நம்மை யார் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்டேனே, அது அப்படியே பலித்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் "கெடக்கட்டும் மாப்ள" என்றிருப்பீர்கள். அதைக் கேட்டு நான் இன்னும் கத்தியிருப்பேன். கத்த ஆள் இல்லாமல் ராத்திரி சாப்பாடுகூட ருசிக்கவில்லை.

எதற்காகக் கூட்டினீர்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. தண்ணீரை நிறுத்தவா? எல்லாரும் வெளியே நிற்கும்போது வருகிற தண்ணீர் யாருடையது என்று அவர்களே கேட்கட்டும் என்றா? அல்லது மூடுபனிக்குள் நீங்கள் சொன்னதே உண்மையா, தனியாகப் பார்க்கப் பயமா? மூன்றாவதுதான் என்றால், உங்களை நான் மன்னிக்கவே போவதில்லை. "மாப்ள, நீயும் உள்ள வந்து பாரு" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கதவை உடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றிருப்பேன். படம் எதுவாக இருந்தாலும் இரண்டு பேராகப் பார்த்திருப்போம்.

இன்று விடியற்காலையில் போன் அடித்தது. தெரியாத நம்பர், ஒரு பெண் குரல். கேமராக்காரரா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஸ்டூலு போட்டுப் படம் காட்டுறவரா?" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

பள்ளிவாசல் தாண்டி இன்னொரு லயமாம். அங்கேயும் தண்ணீர் நாறுகிறதாம். "நீங்க வாங்க சார். நாங்க எல்லாரும் வெளிய வந்து நிக்கோம்" என்றாள்.

அதற்குக் கிளம்பத்தான் ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். உங்கள் ஸ்டூல் என் காலில் விழுந்தது. எட்டி ஓர் உதை விட்டேன், அதில் விரல் இன்னும் கொஞ்சம் வீங்கியதுதான் மிச்சம். டயர்த்துண்டின் ஆணி ஒன்று ஆடுகிறது. அதை அடித்துவிட்டு, ஸ்டூலைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுக் கிளம்புகிறேன். அவர்கள் வெளியே வந்து நிற்பார்கள்.